கொடிக்காலில் சப்பாத்துத் தடம்

லெட்சுமியின் கொடிக்காலுக்குள் காலில் எதையும் மாட்டிக்கொண்டு யாரும் நுழைய முடியாது. நுழைந்தால் தொலைந்தார்கள். வெற்றிலைக் கொடி மகாலட்சுமி குடியிருக்கிற இடம், செருப்புக் கால் பட்டால் வாடிப்போகும் என்பது அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எதிர்க்கேள்வி இல்லாமல் வந்த வழக்கம். உரமூட்டை இறக்க வருகிற சீனப் பெரியவர்கூட வேலி ஓரத்தில் ரப்பர் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருமுறை மறந்துபோய் அப்படியே வந்துவிட்டார். அன்று லெட்சுமி போட்ட சத்தத்தில், மனிதர் மூட்டையை இறக்காமலேயே திரும்பி நடந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்டவளுடைய கொடிக்காலில், தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில், ஆறாவது வரிசை நெடுக சப்பாத்துத் தடம் கிடந்தது.

பட்டும் படாத தடமா என்றால் அதுவும் இல்லை. ஈர மண்ணில் நன்றாக அழுந்தி, அடிப்பாகத்தின் பல்வரிசை மொத்தமும் தெரிகிற கனமான தடம். கம்பெனி ஆட்கள் போடுகிற சேஃப்டி பூட். அது மட்டுமா? கொடிகளிலிருந்து ஒரு சாண் தள்ளி, வரிசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் யாரோ மண்ணை ஆழமாக வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன வேர்கள் அறுந்து தொங்கின.

"ஐயோ, வேர அறுத்துட்டானே படுபாவி!" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

யார் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாதிரி சப்பாத்து போடுகிற ஆள் அவள் குடும்பத்திலேயே இருந்தான். சிவநேசன். அவள் புருஷன் திருநாவுக்கரசுவின் கூடப்பிறந்த தம்பி. தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் ஒட்டி ஒட்டி ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிற இந்த சோலார் தகடுகளைப் போட்ட கம்பெனியில் அவன் டெக்னீஷியன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும். பினாங்கில் பாயா தெருபோங் மலையடிவாரத்தில் இருக்கிற இந்த நிலம் லெட்சுமியுடையது இல்லை. சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருக்கிற ஜபருல்லாவின் நிலம். வாடகைக்கு எடுத்து வெகு காலமாக அவள் வெற்றிலை பயிரிடுகிறாள். காலையில் பறித்து, மத்தியானம் சுங்கை பினாங் வீட்டுக்குப் போய்க் நூறு நூறு இலையாகக் கவுளி கட்டி அடுக்கி, சாயங்காலம் டத்தோ கிராமாட் பாசார் வாசலில் விற்பாள். கல்யாணமா, காதுகுத்தா, கோயில் பூசையா, அந்த வட்டாரத்தில் லெட்சுமி வெற்றிலை இல்லாமல் தாம்பூலத் தட்டு நிறையாது. கொடிக்கால் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. பிழைப்பு மட்டும் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அது அவளுக்கு உயிர்.

போன வருஷம் ஜபருல்லா மொத்த நிலத்தையும் சோலார் கம்பெனிக்குக் கொடுக்கப் பேசி முடித்துவிட்டார். அப்போது குறுக்கே பாய்ந்து தடுத்தவன் சிவநேசன்தான். தகடுகளை உயரமான கால்களில் தூக்கி நிறுத்தலாம், மேலே கரண்டு எடுக்கலாம், கீழே வெற்றிலைக் கொடி வளர்க்கலாம், வெற்றிலைக்கு எப்படியும் நிழல் வேண்டும்தானே என்று கம்பெனியிலும் பேசி, ஜபருல்லாவிடமும் நடையாய் நடந்து ஒப்புக்கொள்ள வைத்தான். ஜபருல்லா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வருகிற நோன்புப் பெருநாள் முடிந்ததும் வந்து பார்ப்பார். தகட்டுக்குக் கீழே வெற்றிலை செழிப்பாக இருந்தால் சரி. இல்லையென்றால் தரையில் ஜல்லியைக் கொட்டி முழு நிலத்தையும் கம்பெனிக்கே விட்டுவிடுவார்.

வேறு யாராக இருந்தாலும் கொழுந்தனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். லெட்சுமிக்கு மூக்கில் வியர்த்தது.

"இவன் எதுக்கு நமக்காக இவ்ளோ பாடுபடுறான்?" என்று அன்றைக்கே புருஷனிடம் கேட்டாள்.

"தம்பி தானே. அண்ணன் குடும்பத்துக்குச் செய்றான்."

"ஆமா, செஞ்சிட்டாலும்! கொடி நல்லா வரலன்னா முழு நெலமும் அவன் கம்பெனிக்குத்தானே போவுது? இவனுக்கு உடனே சூப்பர்வைசர் வேல போட்டுக் குடுப்பாங்க. நமக்குக் காதுல பூ சுத்துறான், நீங்களும் தலைய ஆட்டிக்கிட்டு இருக்கீங்க."

திருநாவுக்கரசு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச்சை வளர்க்கத் தெம்பு இருக்காது. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

தகடுகள் வந்தன. உண்மையைச் சொன்னால், கொடி நன்றாகத்தான் வந்தது. முன்பெல்லாம் கறுப்பு வலை கட்டி, காற்றில் அது கிழிந்து, திரும்பக் கட்டி, வெயிலில் இலை கருகி அவள் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா! இப்போது உள்ளங்கையை விரித்தால் அந்த அகலத்துக்கு, கரும்பச்சையாக இலை வந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். லெட்சுமி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சிவநேசனுக்கு ஒரு நல்ல பெயர் போய்ச் சேர்ந்துவிடுமே!

ஐந்து வரிசை நட்ட பிறகு தகடுகளின் ஓரத்தில் ஒரு நடைபாதை அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. "அண்ணி, இந்த ஓரத்த மட்டும் அப்படியே விட்டுடுங்க. நடாதீங்க" என்றான் சிவநேசன். ஏன் என்று கேட்டதற்கு, "எங்க ஆளுங்க நடக்கணும், மேல தகட கழுவணும். காலியா இருந்தா நல்லது" என்றான். வேறு ஏதோ சொல்லவும் வாயெடுத்தான். லெட்சுமி அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள். இன்றைக்கு நடக்க இடம் கேட்கிறான், நாளைக்கு நிற்க இடம் கேட்பான், அப்புறம் நம்மைப் போகச் சொல்வான் என்று அவளுக்குக் கணக்கு ஓடியது. அந்த வாரமே, வேண்டுமென்றே, அங்கே ஆறாவது வரிசையை நட்டாள். சிவநேசன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அண்ணிக்கு எதிராக அவன் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் சோறு போட்டவள் அவள்தான்.

வருஷக் கடைசி மழையில் ஆறாவது வரிசையில் மட்டும் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. மற்ற ஐந்தும் ஜம்மென்று நின்றன. எங்கே நடாதே என்று சொன்னானோ அங்கே மட்டும் வாடுகிறதே, எப்படி? இதற்கு மேல் லெட்சுமிக்கு அத்தாட்சி வேண்டுமா? வேர்முடிச்சை மோந்து பார்த்தாள். மண்ணை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தாள். உப்புக் கரிக்கவில்லை. உப்பு இல்லையென்றால் வேறு என்ன மருந்தை ஊற்றினான் என்றுதான் அவள் யோசனை போனதே தவிர, ஊற்றாமல் இருந்திருப்பான் என்ற பக்கம் போகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சிவநேசன் ஃபோன் செய்தான்.

"அண்ணி, ஆறாவது வரிசையில எனக்கு ஒரு வேல இருக்கு. வரட்டுமா?"

"வாயேன். சப்பாத்த கழட்டி வெளிய வெச்சிட்டு வா."

"அதாண்ணி முடியாது. தகட்டுக்குக் கீழ பூட் இல்லாம நின்னா எனக்கு வேல போயிடும். மேல கேமரா வெச்சிருக்காங்க."

"அப்ப வராத. உன் கம்பெனி சட்டம் உனக்கு. என் கொடிக்கால் சட்டம் எனக்கு."

"அண்ணி, ஒரு நிமிஷம் சொல்றத..."

வைத்துவிட்டாள்.

அப்புறம் தைப்பூசம் வந்தது. பினாங்கே தண்ணீர்மலைக்குப் போய்விட்ட நாள். லெட்சுமி விடியற்காலையிலேயே வெற்றிலைக் கூடையோடு போய், கோயிலுக்கு ஏறுகிற வழியில் கடை விரித்துவிட்டாள். திருநாவுக்கரசு தண்ணீர்ப் பந்தலில் நின்றார். வருஷா வருஷம் அண்ணனோடு பந்தலில் மோர் ஊற்றுகிற சிவநேசன் அந்த வருஷம் வரவில்லை. "எனக்கு அன்னைக்கு வேல இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டானாம்.

மறுநாள் தடத்தைப் பார்த்ததும் லெட்சுமி செய்த முதல் காரியம், கம்பெனி மேற்பார்வையாளர் ஸுல்கிஃப்லிக்கு ஃபோன் போட்டதுதான். அவர் மலாய்க்காரர்தான், ஆனால் டத்தோ கிராமாட்டில் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"தம்பி, நேத்து உங்க ஆளுங்க இங்க வேல செஞ்சாங்களா?"

"நேத்தா? தைப்பூசம் லா அக்கா. எல்லாருக்கும் லீவு. யாரையும் அனுப்பல."

போதாதா? லீவு நாளில் வேலை இருக்கிறது என்று சொன்னவன், ஊரே கோயிலில் இருக்கும்போது யாருக்கும் தெரியாமல் வந்து வேரை அறுத்திருக்கிறான். லெட்சுமி விட்டுவைப்பாளா? மண்வெட்டியை எடுத்து, வெட்டிய பள்ளம் முழுவதையும் தன் கையாலேயே இழுத்து மூடினாள். வேருக்கு மண் அணைத்து, குதிகாலால் மிதித்து இறுக்கினாள். சப்பாத்துத் தடம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஆனாலும் அவன் செய்ததை ஒன்றுமில்லாமல் ஆக்கியதில் ஒரு திருப்தி.

சாயங்காலம் திருநாவுக்கரசு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டா?" என்றார்.

"திருடன்கிட்ட போயி, ஏம்ப்பா நீ திருடுனியான்னு கேப்பாங்களா? என் மேல சத்தியம், நீங்க வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா உஷாராயிடுவான். கையும் களவுமா புடிக்கணும்."

பிடிப்பதற்குள் ஆள் ஊரிலேயே இல்லை. அடுத்த வாரமே அவனைக் கம்பெனி சுங்கைப் பட்டாணியில் புதுத் தகடு போடுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டது. பார்த்தீர்களா, கமுக்கமாக நழுவிவிட்டான் என்றாள் லெட்சுமி.

நோன்பு மாதம் பாதியில் மழை திரும்ப ஆரம்பித்தது. பினாங்கு மழை தெரியுமே, மத்தியானம் வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில், அப்புறம் கொட்டித் தீர்க்கும். லெட்சுமி அந்த நேரத்தில் வீட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நாள் காலையிலும் வந்து பார்த்தால் ஆறாவது வரிசை இன்னும் கொஞ்சம் செத்திருக்கும். தண்டு கறுத்து, அடியில் கொழகொழவென்று அழுகி, இலை ஒவ்வொன்றாக விழுந்தது. அறுத்த வேர் கடைசியில் கொடியைக் கொன்றே விட்டது என்று அவள் உட்கார்ந்து அழுதாள். நடிப்பு இல்லை. அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

அழுகை நின்றதும் செத்த கொடி ஒன்றைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி சூலியா தெருவுக்குப் போனாள். ஜபருல்லா நோன்புக் களைப்போடு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லெட்சுமி ஒன்று விடாமல் கொட்டினாள். நடாதே என்று சொன்னது, சப்பாத்துத் தடம், லீவு நாள் பொய், சுங்கைப் பட்டாணி. அவர் பொறுமையாகக் கேட்டார். அவள் பள்ளத்தை மூடியதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது அவளுக்குத் தோன்றவில்லை.

"தங்கச்சி, யாரோ கெடுத்தாங்கன்னா அது ஒங்க தப்பு இல்ல" என்றார் ஜபருல்லா. "பெருநாள் முடிஞ்சு நானே வர்றேன். அந்தத் தம்பி, அவனோட பொஸ், ரெண்டு பேரையும் வரச் சொல்றேன். நெசம்னா அவன் அந்தக் கம்பெனியில இருக்க மாட்டான். ஒங்களுக்கு நான் இன்னும் ஒரு வருஷம் தர்றேன். ஆனா ஒண்ணு. தகட்டாலதான் கொடி போச்சுன்னு தெரிஞ்சிச்சுன்னா, அப்புறம் என்கிட்ட பேச்சே கெடையாது. நெலத்த மொத்தமா அவங்ககிட்ட விட்டுடுவேன்."

லெட்சுமி திரும்பும்போது பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

ஜபருல்லா வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், சிவநேசன் ஊர் திரும்பிவிட்டான் என்று திருநாவுக்கரசு வாய்தவறிச் சொல்லிவிட்டார். அடுத்த நொடி லெட்சுமியின் மூளை வேலை செய்தது. நாளைக்கு விசாரணை. இன்றைக்குக் கட்டாயம் வருவான், ஏதாவது தடயத்தை அழிக்க. அவள் எப்போதும் மத்தியானம் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அன்று போகவில்லை. பம்ப் கொட்டகைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். கடையில் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டி வாங்கிவந்த மீகோரெங் நூடுல்ஸைச் சத்தமில்லாமல் தின்றாள். கொசு பிடுங்கியது. அடிக்காமல் தேய்த்துவிட்டாள்.

சிவநேசன் வரவில்லை. மழை வந்தது.

தகடுகள் போட்ட பிறகு, மழை பெய்யும்போது அவள் கொடிக்காலில் இருந்தது அதுதான் முதல் தடவை. முதலில் தகட்டின் மேல் படபடவென்று சத்தம். ஐந்து வரிசைகளுக்கு மேலே ஒரு பொட்டு விழவில்லை, கூரை போட்ட மாதிரி. பிறகு தகடுகளின் தாழ்ந்த ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அது இறங்கவில்லை, கொட்டியது. அத்தனை தகடுகளிலும் விழுந்த மழை மொத்தமும் சரிந்து வந்து, கோடு போட்ட மாதிரி ஒரே ஒரு இடத்தில் விழுந்தது. ஆறாவது வரிசையில்.

மண் குழிந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே குளமாக நின்றது. மறுநாள் காலையில் அவள் வருவதற்குள் மண் அதை உறிஞ்சி வெறும் ஈரமாகத்தான் காட்டும். கணுக்காலளவு தண்ணீரில் கொடிகளின் அடித்தண்டு மூழ்கிக் கிடந்தது. வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், தேங்கின தண்ணீர் ஆகவே ஆகாது, வேர் ஒரே நாளில் அழுகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் எழுந்து கதவைத் தள்ளித் திறந்தாள். தண்ணீர் எங்கே போயிருக்கும்? ஒரு சாண் தள்ளி ஒரு பள்ளம் இருந்திருந்தால், இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு ஓடி, வேலிக்கு வெளியே கால்வாயில் போய் விழுந்திருக்கும்.

பள்ளம் இருந்தது. அவன் வெட்டி வைத்திருந்தான். வெயில் காலத்திலேயே, மழைக்கு முன்னால். சப்பாத்தோடு வந்தால் அண்ணி சத்தம் போடுவாள், சப்பாத்து இல்லாமல் வந்தால் வேலை போய்விடும் என்று, அண்ணி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, தைப்பூசத்தைக்கூட விட்டுவிட்டு வந்து வெட்டியிருக்கிறான். அவள் இடுப்பு ஒடிய அதை மூடி, குதிகாலால் மிதித்து இறுக்கிவிட்டாள்.

"அடிப்பாவி" என்று லெட்சுமி சொன்னாள். இந்தத் தடவை அது வேறு யாரையும் பார்த்துச் சொன்னது இல்லை.

அன்று இரவு அவள் புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பது ஒன்று. இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். தகட்டுத் தண்ணீரால்தான் கொடி போயிற்று என்று தெரிந்தால் நிலம் போய்விடும். சிவநேசன்தான் கெடுத்தான் என்று இருந்தால் ஒரு வருஷம் கிடைக்கும். புரண்டு புரண்டு படுத்து அவள் யோசித்தது இதைத்தான்.

மறுநாள் காலையில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஜபருல்லா வேலி ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஸுல்கிஃப்லி, மேலதிகாரி ஆயிற்றே, கேமராவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலோடு நின்றுகொண்டார். சிவநேசனும் வேலிக்கு வெளியேதான் நின்றான். கன்னம் ஒட்டி, வெயிலில் கறுத்துப் போயிருந்தான். அண்ணியைப் பார்த்ததும் எப்போதும் போலச் சிரித்தான். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. திருநாவுக்கரசு வேனில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

ஸுல்கிஃப்லி தன் ஃபோனில் கேமராப் படத்தைக் காட்டினார். தைப்பூசத்தன்று, மண்வெட்டியோடு உள்ளே போகிற சிவநேசன். அந்தக் கேமராவுக்கு வாசல் மட்டும்தான் தெரியும், வரிசைகள் தெரியாது.

"இது நீதானே?"

"ஆமா பொஸ். தகட்டுத் தண்ணி எல்லாம் அந்த வரிசையில விழுது. வடிகால் இல்லாட்டி கொடி அழுகிடும். அதான் வாய்க்கால் வெட்டுனேன். லீவு நாள்ல சொல்லாம வந்தது தப்புதான்."

"வாய்க்காலா? எங்க இருக்கு? காட்டு."

சிவநேசன் எட்டிப் பார்த்தான். ஆறாவது வரிசையில் செத்த கொடிகளும் மட்டமான மண்ணும்தான் இருந்தன. அவன் முகம் மாறியது.

"வெட்டுனேன் பொஸ். சத்தியமா வெட்டுனேன். யாரோ மூடியிருக்காங்க."

"அலாமாக்! யாரு வந்து மூடுவா?"

"தெரியல. கேபிள் போட வந்த ஆளுங்களா இருக்கலாம்."

ஜபருல்லா தாடியைத் தடவிக்கொண்டார். "ஏன், லெட்சுமியே மூடியிருக்கலாமே?" என்றார்.

"சேச்சே! அண்ணியா?" சிவநேசன் சிரித்தே விட்டான். "முதலாளி, அவங்க பெத்த புள்ளைக்கு மேல பாக்குற கொடி இது. ஒரு எல கிழிஞ்சாலே சோறு எறங்காது. வெட்டுனது நாந்தான்னு தெரியாட்டிகூட, வாய்க்கால் எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா? அவங்க கைய வெச்சிருக்கவே மாட்டாங்க. யார வேணா சந்தேகப்படுங்க, அவங்கள மட்டும் படாதீங்க."

யாரும் லெட்சுமியைப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஒரு வருஷம் அவள் கையில் இருந்தது. அவன் மேல் அவளுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.  இத்தனை நாளும் இவனை அவள் நம்பியதே இல்லை. இவனோ, வேலை போகிற நேரத்தில்கூட அவள் மேல் ஒரு சந்தேகத் துளி விழ விடமாட்டேன் என்கிறான்.

"நாந்தான் மூடுனேன்" என்றாள்.

வேனில் சாய்ந்திருந்த திருநாவுக்கரசு நிமிர்ந்தார்.

"நாந்தான் முதலாளி. இவன் வேர அறுத்துட்டான்னு நெனச்சி நாந்தான் மூடுனேன். நேத்து மழையில உக்காந்து பாத்தேன். தண்ணி நின்னுதான் கொடி செத்துச்சு. அங்க நடாதன்னு அவன் சொன்னான், நா கேக்கல. இவன் மேல ஒரு தப்பும் இல்ல. நெலத்த நீங்க எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க."  

ஜபருல்லா கைலியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். ஐந்து வரிசைகளுக்கும் நடுவே மெல்ல நடந்தார். ஒரு இலையைக் கிள்ளி உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். திரும்பி வந்து, "அஞ்சு நல்லாத்தானே இருக்கு. ஆறாவது வேணாம். அங்க வாய்க்கால் இருக்கட்டும்" என்றார். "தங்கச்சி, நீங்க செத்த கொடியோட எங்கிட்ட வந்தப்பவே எனக்கு ஒண்ணு இடிச்சிச்சு. கெடுக்கணும்னு வர்றவன் ஒரு வரிசையோடயா விடுவான்?" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஸுல்கிஃப்லி, அடுத்த தடவை என்கிட்ட சொல்லிட்டுச் செய் என்று சிவநேசனின் தோளைத் தட்டிவிட்டு அவரும் கிளம்பினார்.

கொடிக்கால் பிழைத்துவிட்டது. லெட்சுமிக்கு அதை நினைக்கக்கூட நேரமில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிவநேசன் சிரிக்கவில்லை. இவ்வளவு நேரம் நடந்தது என்ன என்று அவனுக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டிருந்தது.

"முதலாளிகிட்ட சொன்னது நீங்கதானா அண்ணி?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கு வேல போயிருக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சா சொன்னீங்க?"

அவள் வேலி வாசலுக்கு வந்து நின்றாள்.  "உள்ள வாப்பா. சப்பாத்தோடயே வா. வாய்க்கால் எங்க வெட்டணும்னு காட்டு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைத் திருநாவுக்கரசு கேட்டதே இல்லை.

சிவநேசன் உள்ளே வரவில்லை. கோபமாகவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"வேணாண்ணி. வேற ஆள அனுப்பச் சொல்றேன். நீங்க அவன நம்பலாம், அவன் நம்ம சொந்தக்காரன் இல்லையே" என்று சொல்லிவிட்டு, அண்ணனிடம் தலையை அசைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். திருநாவுக்கரசு அவன் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லெட்சுமி மண்வெட்டியை எடுத்து ஆறாவது வரிசையின் தலையில் வெட்ட ஆரம்பித்தாள். அவள் மிதித்து இறுக்கிய மண் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கவில்லை.